பள்ளி நூல்நிலையமும் வந்துரைப்போரும்

திருப்பூரிலும் அதனைச் சூழ்ந்த அவிநாசி, பல்லடம் முதலிய ஊர்களிலும் ‘நூல் விலை ஏறிவிட்டது’ என்று ஒருவர் கூறக் கேட்போர் புத்தகக் கடையை நினைப்பதில்லை. பஞ்சாலையினின்று கோனிற் சுற்றப்பட்டுப் பின்னலாலைக்கு வரும் இழையே அங்கு நூல். அவ்விழை பனியனாகிக் கடல் கடந்து செல்கின்றது. அதனை நம்பி இலக்கக்கணக்கானோர் வாழ்கின்றனர். மற்றொரு நூலோ பள்ளிக்கூடத்து அலமாரியில் உறங்குகின்றது. இவ்விருவகை நூலும் ஒரே தெருவில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருப்பது எமக்கு வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவதாகும்.

இழைக்கும் ஏட்டுக்கும் ஒரு பெயர் அமைந்தது தற்செயல் அன்று. நன்னூற் பாயிரம் சொல்லைப் பஞ்சாகவும், பனுவலை இழையாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயைக் கையாகவும், அறிவைக் கதிராகவும் உருவகம் செய்து, நூல் உண்டாகும் வகையைக் காட்டுகின்றது. அந்நூலை இயற்றிய பவணந்தி முனிவர் கொங்குநாட்டுச் சீனாபுரத்தைச் சார்ந்தவர் எனக் கொள்வாரும் உளர். அது மெய்யாயின், பஞ்சும் கதிரும் அவர் நாடோறும் கண்ட பொருள்களாகவே இருந்திருக்கும். இக்காலத்துத் திருப்பூரைக் காணின் அவ்வுவமைக்கு இன்னும் நான்கு அடி கூட்டியிருப்பாரோ என்று எம் வகுப்பில் ஒருகால் நகையாடியதுண்டு.

உயர்நிலைப் பள்ளி நூல்நிலையத்துக்கு வெளியினின்று வந்து மாணவர்க்கு உரை நிகழ்த்துவோரையும், அவர் வரவையொட்டி அங்கு நிகழும் கதைகூறல், செய்முறை விளக்கம், கண்காட்சி முதலியவற்றையும் பற்றியது இக்கட்டுரை. அத்தகைய வரவால் விளையும் பயன் யாது, அஃது எங்ஙனம் கெடுகின்றது, எங்ஙனம் நிலைபெறும் என்பவற்றை ஆராய்வாம். திருப்பூர்ப் பகுதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

ஆராய்ச்சிக்கு அளவுகோலாக நன்னூலையே மீண்டும் துணைக்கொள்கின்றோம். ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் நன்கு மனங்கொண்டாலும் அவன் பெறுவது காற்பங்கே என்கின்றார் பவணந்தியார். உடன் பயில்வாரோடு கலந்து பழகுதலால் மற்றொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைக்கும்போதே நிரம்பும். கேட்டலுக்குக் கால், கலத்தலுக்குக் கால், உரைத்தலுக்கு அரை. எழுநூறு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் வகுத்த இக்கணக்கு, பள்ளிகளில் நிகழும் விருந்தினர் சொற்பொழிவுகளை நிறுத்துப் பார்க்க இன்றும் நல்ல துலாக்கோலாகும். நாடோறும் உடனிருந்து கற்பிக்கும் ஆசிரியர் உரையே காற்பங்கு எனின், ஆண்டுக்கொருமுறை வந்து ஒரு நாழிகை பேசிச் செல்வார் உரை எத்துணைப் பங்கு ஆகும்?

இனி, வழக்கமாக நிகழ்வதைக் காண்போம். யாம் பயின்ற பள்ளியொன்றில் விருந்தினர் வருகின்றார் என்றால் மூன்று நாள் முன்னரே வேலை தொடங்கும். பந்தல் எழும், ஒலிபெருக்கி வரும், வரவேற்புரைக்கு ஒருவரும் நன்றியுரைக்கு ஒருவரும் பயிற்றப்படுவர். விருந்தினர் வந்ததும் பொன்னாடை போர்த்தப்படும். பின் அவருடைய பட்டங்களும் பதவிகளும் படிக்கப்படும். வெயிலில் அமர்ந்த அறுநூறு மாணவர்க்கு அவர் வெற்றிக்கு வழிகளைக் கூறுவார். கை தட்டுவோம். மறுநாள் அவர் கூறியது யாதென வினவினால் அவர் சொன்ன நகைச்சுவை ஒன்றே நினைவில் நிற்கும். அவ்வளவுக்கும் இடையே, மேடைக்கு இருபது அடி தொலைவில், நூல்நிலைய அறை பூட்டியே கிடந்தது. அதன் திறவுகோல் யாரிடம் இருந்தது என்பது ஐந்தாண்டுகளில் எமக்குத் தெரிந்ததில்லை. விருந்தினர்மீது இதிற் குறை ஒன்றும் இல்லை. அவர் மேடைக்கு அழைக்கப்பட்டார். மேடைக்கு உரியதைச் செய்தார். நூல்நிலையத்துக்கு அவரை ஒருவரும் அழைக்கவில்லை.

மேடைக்கும் நூல்நிலையத்துக்கும் உள்ள வேற்றுமை இடத்தளவில் நிற்பதன்று. மேடையிற் பேசுவார்க்குப் பின்னால் திரைச்சீலை இருக்கும். நூல்நிலையத்திற் பேசுவார்க்குப் பின்னால் புத்தகம் இருக்கும். முன்னதில் உரை முடிந்தவுடன் கூட்டம் கலையும். பின்னதிலோ உரை முடிந்தவுடன் கை நீளும். முப்பது நாற்பது பேருக்குமேல் அங்கு அமர இடமில்லை என்பதுதானும் நன்மையே. கேள்வி கேட்க அஞ்சும் பிள்ளையும் அச்சிறு கூட்டத்தில் வாய் திறக்கும்.

நிற்க. திருப்பூரை யாம் எடுத்துக்கொண்ட காரணத்தைக் கூறுவாம். உயர்நிலைப் பள்ளி என்பது பத்தாம் வகுப்போடு முடிவது. அதனை முடிக்கும் மாணவனுக்கு வயது 15. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் வேலைக்கு அமர்த்தலாகாது என 2016-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விலக்கியுள்ளது. 14 முதல் 18 வரையுள்ளோர்க்கு அது விலக்குவது இடர் மிக்க தொழில்களை மட்டுமே. ஆகவே, பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் பனியன் கம்பெனி வாயில் பையனை அழைக்கின்றது. முதலிற் கைமடி வேலை, பிறகு செக்கிங், கை பழகியபின் ஓவர்லாக் அல்லது பிளாட்லாக் தையல். சனிக்கிழமை மாலை கையிற் பணம் வரும். அப்பணம் வீட்டு வாடகைக்கும் தங்கை படிப்புக்கும் செல்லும்போது அவனைக் குறைகூற எவர்க்கும் நாவெழாது. விடுமுறை முடிந்தபின் சிலர் மேனிலைப் பள்ளிக்கு வருகின்றனர், சிலர் வருவதில்லை. வாராதவருள் நம்மினும் கூரிய அறிவுடையார் பலர் இருந்தனர் என்பதை நம் கல்லூரியில் இப்பகுதியிலிருந்து வந்து பயிலும் ஒவ்வொரு மாணவரும் அறிவர்.

அத்தகையான் ஒருவனுக்குப் பள்ளி விட்டுச்செல்லக்கூடியது யாது? பாடப்புத்தகம் விலைக்குப் போய்விடும். சான்றிதழ் பெட்டியில் உறங்கும். தானே ஒரு புத்தகத்தைத் தேடி எடுத்துப் படிக்கும் பழக்கம் ஒன்றே அவனோடு கம்பெனிக்குள்ளும் செல்லக்கூடியது. அப்பழக்கம் 15 வயதுக்குள் வேரூன்றவில்லையாயின் பின்னர் ஊன்றுதல் அரிது. உயர்நிலைப் பள்ளியின் நூல்நிலையமும், அங்கு வந்துரைப்பாரின் ஒரு நாழிகையும் இதனாற்றான் இப்பகுதியில் ஒப்பனைப் பொருள்கள் ஆகா.

ஒரு நாழிகை உரையால் ஒரு தொழிலாளியின் வாழ்வு திரும்பிய செய்தி உலக வரலாற்றில் உண்டு. மைக்கேல் பாரடே 1791-இல் இலண்டன் அருகே ஒரு கொல்லனுக்கு மகனாகப் பிறந்தார். பள்ளிப்படிப்பு மிகச் சிறிது. பதினான்கு வயதில் ரீபோ என்னும் புத்தகம் கட்டுவாரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கட்டுவதற்கு வந்த ஏடுகளைப் படிக்கத் தொடங்கினார். பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிய கட்டுரையும், ஜேன் மார்செட் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல்களும் அவரைப் பற்றிக்கொண்டன. 1812-இல் கடைக்கு வந்துபோகும் ஒருவர், இராயல் நிறுவனத்தில் ஹம்பிரி டேவி நிகழ்த்திய நான்கு உரைகளுக்கு நுழைவுச் சீட்டுத் தந்தார். பாரடே மாடியில் அமர்ந்து கேட்டார், கேட்டவற்றைக் குறித்தார், வீட்டுக்கு வந்து படங்களோடு விரித்தெழுதினார். ஏறத்தாழ 300 பக்கமாகிய அதனைத் தம் கையாலேயே கட்டி, டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சு மாதம் அந்நிறுவனத்திலேயே அவர்க்கு உதவியாளர் வேலை கிடைத்தது. மின்காந்தத் தூண்டலை 1831-இல் கண்டறிந்த பாரடே அவரே.

இவ்வரலாற்றை நன்னூற் கணக்கோடு பொருத்திப் பார்ப்பார் வியப்படைவர். டேவியின் உரையை அன்று நூற்றுக்கணக்கானோர் கேட்டனர். அவரெல்லாம் காற்பங்கோடு வீடு சென்றனர். பாரடேயோ அதற்கு முன்னரே டேட்டம் என்பார் வீட்டில் கூடிய இளைஞர் கழகம் ஒன்றில் சேர்ந்திருந்தார். அக்கழகத்தார் தமக்குள் முறைவைத்து ஒருவர் பேச மற்றவர் கேட்டு ஆராய்ந்தனர். பாரடேயும் அங்குப் பேசினார். கலத்தலும் உரைத்தலும் அவ்வாறு நிரம்பின. அவர் உரை கேட்பதற்கு முன்னரே அப்பொருள் பற்றிய புத்தகத்தைப் படித்திருந்தார் என்பதை மறத்தலாகாது. புத்தகம் முன்னே சென்றது; உரை பின்னே வந்தது; அவ்வுரை மீண்டும் ஒரு புத்தகமாயிற்று. இளைஞர்க்கென இராயல் நிறுவனத்தில் 1825-இல் தொடங்கிய கிறிஸ்துமஸ் கால உரைகளைப் பாரடே பல ஆண்டுகள் தாமே நிகழ்த்தினார். ஒரு மெழுகுதிரியை மேசைமேல் ஏற்றிவைத்து, அது எரியும் முறையிலிருந்து வேதியியல் முழுவதற்கும் வழி காட்டிய அவ்வுரைகள் 1861-இல் நூலாக வெளிவந்தன. கேட்கச் சென்ற பையன் அதே இடத்திற் பிற பிள்ளைகளுக்கு உரைப்பவன் ஆனான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நூல்நிலையம் என்றவுடன் நினைக்கத்தக்க இருவருள் ஒருவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972). கணித ஆசிரியராக இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவரானார். நூல்கள் பயன்படுத்தற்கே என்பதனை முதலாக வைத்து ஐந்து விதிகளை வகுத்து 1931-இல் வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடி வட்டத்து மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகச் செல்லும் நூல்நிலையம் ஒன்று புறப்பட்டதும் அவர் இயக்கத்தின் பயனே. பள்ளி, கல்லூரி நூல்நிலையங்களைப் பற்றி மட்டும் 1942-இல் அவர் தனிநூல் ஒன்று எழுதினார்.

மற்றவர் திருப்பூரிலேயே 1903-இல் பிறந்தவர், தி. சு. அவிநாசிலிங்கம் செட்டியார். கோவையில் இராமகிருஷ்ண வித்தியாலயத்தை நிறுவிய அப்பெரியார் 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக விளங்கினார். இந்திய நாட்டில் விடுதலைக்குப் பின் தோன்றிய முதற் பொது நூலகச் சட்டம் அவர் அமைச்சராயிருந்த 1948-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரி தண்டும் முறை அதனால் வந்ததே. ஆகவே, திருப்பூரில் வரி செலுத்தும் ஒவ்வொரு பனியன் கம்பெனியும், தான் அறிந்தோ அறியாமலோ, ஏதோ ஓர் ஊரில் ஒருவர் புத்தகம் படிக்கப் பொருள் தந்து வருகின்றது. அவர் தலைமையேற்ற தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ்க் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும், அதன்பின் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பத்துத் தொகுதிகளாகவும் வெளியிட்டது. தூரனும் கொங்குநாட்டாரே. பாரடேக்குப் பிரிட்டானிக்கா செய்த உதவியை நம் பிள்ளைகட்குச் செய்யத்தக்க ஏடுகளை நம் பகுதியார் இருவரே முன்னின்று ஆக்கித் தந்தனர். ஆயினும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் பொது நூலகங்களுக்கே உரியது. பள்ளி நூல்நிலையம் அதனுள் அடங்காது. பள்ளி நூல்நிலையம் தலைமையாசிரியரின் ஆர்வத்தை நம்பியே இன்றும் நிற்கின்றது. ஆர்வமுள்ளவர் வரின் திறக்கும். மாறிச் சென்றால் மூடும்.

அரசும் வாளாவிருக்கவில்லை. 2022-இல் தொடங்கிய வானவில் மன்றத் திட்டத்தின்படி 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குக் கருத்தாளர் செய்கருவிகளோடு பள்ளி தேடிச் செல்கின்றனர். இலக்கிய மன்றமும் வினாடி வினாவும் அரசுப் பள்ளிகளில் நிகழ்கின்றன. திருப்பூர் நகரிலோ ஆண்டுதோறும் புத்தகத் திருவிழா கூடுகின்றது. மாலைதோறும் அங்கு நற்பேச்சாளர் பேசுகின்றனர். இவையெல்லாம் நல்லனவே. ஆயின், திருவிழாவில் ஐம்பது ரூபாய்க்கு ஒரு புத்தகம் வாங்கிய பிள்ளை, மறுநாள் அதனைப் பற்றிப் பேசுதற்கு ஓரிடம் வேண்டும். அவ்விடம் பள்ளி நூல்நிலையமே.

இங்ஙனமாயின் யாரை அழைப்பது? பெரும்புகழ் வாய்ந்தாரை நாடி அலைய வேண்டுவதில்லை என்பது எம் துணிபு. தன்னம்பிக்கை ஊட்டுவதே தொழிலாகக் கொண்ட பேச்சாளரை யாம் சிறிது ஐயுறுகின்றோம். அவர் உரைக்குப்பின் எடுத்துப் படிக்க அலமாரியில் ஒன்றும் இராது. திருப்பூரில் ஒவ்வொரு தெருவிலும் ஒரு வித்தையை முழுதும் அறிந்தார் ஒருவர் இருக்கின்றார். அவரறிவு எந்தத் தமிழ்ப் புத்தகத்திலும் எழுதப்படவில்லை.

எடுத்துக்காட்டாக நூலின் நம்பரைக் கொள்வோம். 30-ஆம் நம்பர், 40-ஆம் நம்பர் என்று இப்பகுதிப் பிள்ளைகள் நடக்கத் தொடங்கியது முதல் கேட்டு வருகின்றனர். அது யாதென வினவினால் பலர்க்குத் தெரியாது. 840 கெஜம் கொண்டது ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை சிட்டம் ஏறுமோ அதுவே நம்பர். 30-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 25,200 கெஜம், அதாவது ஏறத்தாழ 23 கிலோமீட்டர் நீளும். நம்பர் ஏற ஏற இழை மெலியும். எட்டாம் வகுப்புக் கணக்கில் வரும் எதிர்விகிதம் இதுவன்றோ? பின்னலாலையில் முப்பது ஆண்டு உழைத்த பிட்டர் ஒருவர் ஒரு கோனைக் கையிற்கொண்டு நூல்நிலையத்தில் இதனைச் சொல்வாராயின், எதிர்விகிதம் எந்தப் பிள்ளைக்கும் மறவாது. துணியின் ஜி.எஸ்.எம். என்பதும் அத்தகையதே. வட்டக் கத்தியால் 100 சதுர சென்டிமீட்டர் துணியை வெட்டி எடுத்துத் தராசில் இடுவர். 1.8 கிராம் நிற்பின், அதனை நூறாற் பெருக்கி, ஒரு சதுர மீட்டருக்கு 180 கிராம் என்பர். ஏன் நூறாற் பெருக்க வேண்டும் என்று ஒரு மாணவி கேட்டால், அவ்வொரு கேள்வியே அன்றைய நிகழ்ச்சியின் வெற்றி.

அந்த பிட்டருக்குப் பின்னால் அலமாரியில் இருக்கவேண்டிய புத்தகங்கள் யாவை? பின்னல் இயந்திரத்தின் வரலாறு ஒன்று. இங்கிலாந்தில் நாட்டிங்காம் அருகே கால்வெர்ட்டன் என்னும் சிற்றூரில் வில்லியம் லீ என்பார் 1589-இல் காலுறை பின்னும் பொறியை முதன்முதல் அமைத்தார். அவர் ஒரு திருச்சபைக் குருவென்றும், கையாற் பின்னி வயிறு வளர்க்கும் ஏழைகள் பிழைப்பிழப்பர் என்று கருதி எலிசபெத் அரசியார் அவர்க்குத் தனியுரிமை தர மறுத்தார் என்றும் கூறுவர். திருப்பூரில் இன்று சுழலும் ஒவ்வொரு வட்டப்பின்னல் பொறிக்கும் அதுவே முன்னோடி. மக்கள் பிழைப்பைப் பொறி பறிக்குமா என்னும் அவ்வரசியின் கேள்வியை மாணவர்முன் வைத்தால் பட்டிமன்றமே நடக்கும்.

சாயப்பட்டறையில் வேலை செய்த ஒருவரை அடுத்து அழைக்கலாம். பருத்தித் துணியிற் சாயம் ஏறுதற்குத் தொட்டியில் உப்பு மிகுதியும் இடவேண்டும். சாயம் துணியோடு போகும். உப்போ நீரோடு போகும். அந்நீர் நொய்யலிற் கலந்து ஒரத்துப்பாளையம் அணையிலே தேங்கிக் கீழுள்ள வயல்களைக் கெடுத்த கதை இப்பகுதி உழவர் கண்ணீரோடு சொல்வது. 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூடுமாறு ஆணையிட்டது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாதபடி தூய்மை செய்யும் ஏற்பாட்டோடு அவை பின்னர்த் திறந்தன. பட்டறைத் தொழிலாளி ஒருவரும், ஆற்றங்கரை உழவர் ஒருவரும் ஒரே நாளில் வந்து இருபக்கத்தையும் கூறக் கேட்பது எத்துணைச் சிறப்பு! அன்று மேசைமேல் இருக்கவேண்டிய நாவல் ஒன்றும் உண்டு. திருப்பூரில் வாழும் எழுத்தாளர் சுப்ரபாரதிமணியன் இயற்றிய ‘சாயத்திரை’ அது. பத்தாம் வகுப்பு மாணவர் அதனை முழுதும் படிப்பர் என யாம் கூறோம். தம் ஊரைப் பற்றி ஒரு நாவல் இருக்கின்றது என்று அறிதலே அவர்க்குப் புதுமை. தம் ஊர் புத்தகத்தில் இடம்பெறத்தக்கதன்று என்ற எண்ணத்தோடு வளரும் பிள்ளைகளை யாம் நன்கறிவோம்.

இன்னொரு வகை விருந்தினரையும் சொல்லல் வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து கம்பெனிகளிற் பணிசெய்வார் பிள்ளைகள் நம் தமிழ்ப்பள்ளிகளிற் பயில்கின்றனர். ஓராண்டுக்குள் அவர் தமிழ் பேசும் திறத்தைக் கண்டு தமிழ் மாணவராகிய யாம் வெட்கியதும் உண்டு. அவர் தாய்மாருள் ஒருவரை அழைத்து, அவர் ஊர்க் கதை ஒன்றை அவர் மொழியிலேயே கூறச்செய்து, அவர் மகளைக்கொண்டு தமிழில் வரிக்கு வரி சொல்லச் செய்யலாம். அக்கதைகூறலுக்குச் செலவு ஒன்றும் இல்லை. அம்மகளோ, நன்னூலார் சொன்ன அரைப்பங்கை அன்றே பெற்றுவிடுவாள்.

இவற்றை நடத்தும் முறை பற்றிச் சில சொல்லவேண்டும். விருந்தினர் வருதற்கு இரண்டு வாரம் முன்னரே அப்பொருள் பற்றிய புத்தகங்களை அலமாரியினின்று எடுத்து மேசைமேற் பரப்பிவைத்தல் நன்று. இருப்பன ஐந்தாயினும் ஐந்தையும் வைக்கலாம். களஞ்சியத் தொகுதியில் உரிய பக்கத்திற்கு ஓர் அட்டை செருகலாம். மாணவர் எழுப்பும் கேள்விகளை எழுதி விருந்தினர்க்கு முன்னரே அனுப்பினால், மேடைக் கூச்சமுள்ள தொழிலாளிக்கு அது பெருந்துணை. பேச்சு அரைமணிக்கு மேற்போகாமை வேண்டும். அதற்குச் சமமான நேரம் கேள்விக்கு ஒதுக்கப்படல் வேண்டும். சனிக்கிழமை மாலை சம்பள நேரம்; வெள்ளிக்கிழமை ஏற்றுமதிச் சரக்கு கட்டும் அவசரம். இவ்விரு நாளும் ஆகா. பொன்னாடை வேண்டா. அதற்குப் பதிலாக விருந்தினர் பெயரை முன்பக்கத்தில் எழுதி ஒரு புத்தகத்தை நூல்நிலையத்துக்கு வாங்கிச் சேர்க்கலாம். பொன்னாடையின் விலையில் நல்ல புத்தகம் ஒன்று வரும்.

உரை முடிந்த கையோடு புத்தகம் வழங்கும் பதிவேட்டைத் திறந்துவைத்தல் இன்றியமையாதது. மறுநாள் என்றால் ஆர்வம் ஆறிவிடும். அடுத்த வாரம் அதே மணியில் மாணவர் நால்வர், விருந்தினர் கூறியதையும் தாம் அதன்பிறகு படித்ததையும் கீழ்வகுப்பார்க்கு எடுத்துரைக்க வேண்டும். இப்பகுதி இன்றி நடக்கும் எந்நிகழ்ச்சியையும் யாம் பாதி நிகழ்ச்சி என்றே கொள்வோம். நன்னூலார் கணக்குப்படி அது பாதிகூட ஆகாது.

‘தேர்வு நெருங்குகின்றது, இதற்கெல்லாம் பொழுதேது?’ என்று ஆசிரியர் சிலர் வினவுதல் கூடும். அவர்தம் சுமையை யாம் அறியாதவர் அல்லேம். நூல்நிலையத்துக்கெனத் தனிப்பணியாளர் இல்லாத பள்ளியில் தமிழாசிரியரோ உடற்பயிற்சி ஆசிரியரோ அதனையும் சேர்த்துப் பார்க்கின்றார். திங்களுக்கு ஒருமுறை என்றால் அவரால் இயலாது. பருவத்துக்கு ஒருமுறை என்றால் இயலும். ஆண்டுக்கு மூன்று உரை. ஆறாம் வகுப்பிற் சேர்ந்த பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்துச் செல்லுமுன் பதினைந்து பேரைக் கேட்டிருப்பான். அவருள் இருவர் உரையை அவனே பிறர்க்கு எடுத்துரைத்திருப்பான்.

நல்ல மாணாக்கரை அன்னத்துக்கும் ஆவுக்கும், இடைத்தரத்தாரை மண்ணுக்கும் கிளிக்கும், கடைத்தரத்தாரை ஓட்டைக் குடத்துக்கும் ஆட்டுக்கும் எருமைக்கும் நெய்யரிக்கும் பவணந்தியார் ஒப்பிட்டார். அப்பகுப்பில் எமக்கு முழு உடன்பாடு இல்லை. கேட்டதை எல்லாம் ஒழுகவிடும் ஓட்டைக் குடம் என்று ஒரு பிள்ளையைச் சொல்லுமுன், கேட்டதைத் தேக்கிவைக்க அதற்கொரு புத்தகம் கொடுத்தோமா என்று வினவுதல் முறையாகும். இலக்கண ஆசிரியரோடு மாறுபடும் துணிவை எம் பேராசிரியர் பொறுத்தருள்வாராக.

நம் கல்லூரித் தமிழ்மன்றத்தார்க்கு இதில் ஒரு வேலை உண்டு. இப்பகுதியிலிருந்து நாடோறும் பேருந்தில் வந்து பயிலும் மாணவர், தாம் பயின்ற உயர்நிலைப் பள்ளிக்கே பருவத்துக்கு ஒருமுறை இருவர் இருவராகச் செல்லலாம். பேசுவதற்காக அன்று, எழுதுவதற்காக. பிட்டரும் சாயத்தொழிலாளியும் கதை கூறும் தாயும் உரைப்பனவற்றைப் பள்ளி மாணவரோடு உடனிருந்து குறித்து, அவரைக்கொண்டே திருத்தமான தமிழில் எழுதுவித்து, படம் வரைவித்து, தைத்துக் கட்டி, அப்பள்ளி நூல்நிலையத்திற் சேர்த்தல் வேண்டும். கட்டுவதற்கு நல்ல நூலும் ஊசியும் திருப்பூரில் எங்கும் கிடைக்கும். ஏனைய புத்தகங்களைப் போலவே அதற்கும் வரிசையெண் இட்டு, பதிவேட்டில் ஏற்றி, பதினான்கு நாள் கடனாக வழங்கலாம். முதல் ஏட்டுக்கு நூல் நம்பரையே பொருளாகக் கொள்ளலாம் என்று எம் வகுப்புத் தோழர் ஒருவர் சொல்கின்றார். அவர் தந்தையார் பின்னலாலையிற் பிட்டர், வருவதற்கும் இசைந்திருக்கின்றார்.